எண்ணுக்குத் துணைநிற்கும் சொல்

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில், திருத்தணிக்கு முன்பாக அமைந்த ஊர் கனகம்மாசத்திரம். இவ்வட்டாரத்தின் வளர்ச்சியை அறிய விரும்பி நாம் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளைப் புரட்டினால், முதலில் திகைப்பே மிஞ்சும். 1951-இல் திருத்தணி வட்டம் சித்தூர் மாவட்டத்தின் கீழ்க் காணப்படுகிறது. 1961-இல் செங்கற்பட்டு மாவட்டத்தின் கீழ். 2001-இல் திருவள்ளூர் மாவட்டத்தின் கீழ். மண் இடம் பெயரவில்லை. 1960 ஏப்ரல் 1 அன்று மாநில எல்லை மாறியது; 1997-இல் செங்கற்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்டது. இதை அறியாதவர், செங்கற்பட்டின் 1951, 1961 எண்களை அருகருகே வைத்து, புதிதாய்ச் சேர்ந்த வட்டத்து மக்களையும் பிறப்பால் வந்த பெருக்கம் என்றே கொள்வார்.

எவரை, எப்போது, எந்த எல்லைக்குள், எந்த வரையறைப்படி எண்ணினார்கள் என்று எடுத்துரைக்கும் குறிப்பையே இன்று மெட்டாடேட்டா என்கிறோம்; தமிழில் மீத்தரவு எனலாம். 1973-இலேயே சுவீடன் நாட்டுப் புள்ளியியலாளர் போ சுண்ட்கிரேன் இதன் இன்றியமையாமையை விளக்கி எழுதினார். அச்சேட்டில் இக்குறிப்பு முன்னுரையாகவும் அடிக்குறிப்பாகவும் எண்ணோடு ஒட்டியிருந்தது. கணினி வந்தபின் எண் மட்டும் தனியே புறப்பட்டு ஊர் சுற்றத் தொடங்கியது. எண்ணையும் குறிப்பையும் இணைத்தே அனுப்பும் பொதுமுறை ஒன்றை வகுக்க, ஐ.நா., உலக வங்கி உள்ளிட்ட ஏழு பன்னாட்டு அமைப்புகள் 2001-இல் கைகோத்தன.

இஃது அலுவலர்களின் கவலை மட்டும்தானா? நம் தாய்மாரை நினைத்துப் பார்ப்போம். 1961-இல் இந்தியாவில் உழைக்கும் பெண்கள் ஏறக்குறைய 6 கோடிப் பேர் எனக் கணக்கிடப்பட்டது. 1971-இல் அத்தொகை 3 கோடியைச் சற்றே தாண்டியது. பத்தாண்டில் பாதிப் பெண்கள் கழனியை விட்டுக் கரையேறிவிட்டார்களா? இல்லை. 1961-இல், பருவத்தின் பெரும்பகுதியில் நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்குமேல் உழைத்தவரும் உழைப்பாளியாகக் கொள்ளப்பட்டார். 1971-இலோ முதன்மையான வேலை எது என்று கேட்டார்கள். “வீட்டு வேலை” என்று விடை வந்ததும், நாற்று நட்ட கைகள் கணக்கிலிருந்து நீங்கின.

1981-இல் 183 நாட்களை அளவாக வைத்து, முதன்மை உழைப்பாளர், குறுகிய கால உழைப்பாளர் எனப் பிரித்தார்கள். 1991-இல், குடும்ப நிலத்திலும் தொழிலிலும் கூலியின்றிச் செய்யும் வேலையும் இதில் அடங்கும் என்று கேள்வியிலேயே எழுதிச் சேர்த்தார்கள். நெசவுக்குப் பேர்பெற்ற பொதட்டூர்ப்பேட்டையில் கணவனின் தறிக்குத் தார் சுற்றித் தரும் பெண்ணுக்கு அந்தச் சில சொற்கள் எத்துணைப் பெரியவை! உழைப்பாளியாக எண்ணப்படாதவருக்குத் திட்டம் தீட்டுவார் யார்?

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027-ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்டிருக்கிறது. கணக்கெடுப்பாளர் நம் வாசலுக்கு வந்து, “அம்மா என்ன வேலை செய்கிறார்கள்?” என்று கேட்கும்போது, “வீட்டில் சும்மாதான் இருக்கிறார்கள்” என்று பழக்கத்தால் சொல்லிவிடுகிறோம். கேள்வியை முழுவதும் கேட்டு, மாட்டுத் தொழுவம் முதல் களத்துமேடு வரை அவர் செய்வதை எல்லாம் எண்ணிப் பார்த்து விடை சொல்வோம். நாளை வெளிவரும் எண்ணில் அவருடைய உழைப்பும் இருக்கட்டும்.