சிறுவர் நாசியில் ஒரு சந்தை

நுண்ணுயிர் என்றதும் நம்மிற் பெரும்பாலார்க்கு நோயே நினைவில் எழுகின்றது. நோயாளியின் படுக்கையிலிருந்து பின்னோக்கிச் சென்று காரணத்தைத் தேடுதல் மருத்துவத்தின் இயல்பான வழியுமாகும். ஆயின், அவ்வழியே சென்று முற்றாக அறிந்துகொள்ள முடியாத உயிரிகளும் உள. நியூமோகொக்கசு என்னும் பற்றீரியா அவற்றுள் ஒன்று. நியூமோனியாவுக்கும் மூளையுறை அழற்சிக்கும் செவியழற்சிக்கும் காரணமாகும் இவ்வுயிரி பெரும்பாலும் வாழ்வது நோயுற்ற நுரையீரலில் அன்று. நலத்துடன் ஓடி விளையாடும் சிறுவரின் மூக்கின் பின்புறத்திலேயாம்.

இவ்வுண்மையின் சாயல் தொடக்கத்திலேயே தென்பட்டது. 1881ஆம் ஆண்டில் பிரான்சில் லூயி பாஸ்ரரும் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஸ்ரேண்பேர்க்கும் இப்பற்றீரியாவைப் பற்றித் தனித்தனியே வெளியிட்டனர். ஸ்ரேண்பேர்க் அதனைக் கண்டது தமது சொந்த உமிழ்நீரிலே. அவர் நியூமோனியா நோயாளி அல்லர்.

உயிரியல் பயின்ற ஒவ்வொருவரும் கிரிபித்தின் எலிகளை அறிவர். உறையற்ற, தீங்கற்ற பற்றீரியாக்களை உயிருடனும், உறையுள்ள கொடிய பற்றீரியாக்களை வெப்பத்தாற் கொன்றும், இரண்டையும் ஒருங்கே அவர் எலியினுட் செலுத்தினார். எலி இறந்தது, அதன் குருதியில் உறையணிந்த பற்றீரியாக்கள் உயிருடன் இருந்தன. இது 1928இல் வெளிவந்தது. இறந்தவற்றிலிருந்து உயிருள்ளவற்றுக்குச் சென்ற பொருள் டி.என்.ஏ. என்பதை ஏவரி, மக்லியொட், மக்காட்டி ஆகிய மூவரும் 1944இல் நிறுவினர்.

நான் மாணவனாயிருந்தபோது இப்பரிசோதனை, பரம்பரைப் பொருள் யாது என்னும் வினாவுக்கு விடையாகவே கற்பிக்கப்பட்டது. விடை கிடைத்ததும் பற்றீரியா பாடத்திலிருந்து மறைந்துவிடும். அயல் டி.என்.ஏ.யை உள்ளெடுக்கும் இவ்வாற்றலை அவ்வுயிரி எலிக்கு வெளியே எங்கே பயன்படுத்துகின்றது என்ற வினா என்னுள் நெடுங்காலம் தங்கியிருந்தது.

விடையின் பெரும்பகுதி ஓர் அகதி முகாமிலிருந்து வந்தது. தாய்லாந்தின் மேற்கெல்லையில், பர்மாவிலிருந்து இடம்பெயர்ந்த கரேன் மக்கள் பெரும்பான்மையாக வாழும் மேலா முகாம் 1984இல் அமைந்தது. 2007 முதல் 2010 வரை அங்கே பிறந்த குழந்தைகளின் நாசியிலிருந்து, இரண்டு வயது நிறையும்வரை மாதந்தோறும் மாதிரிகள் எடுக்கப்பட்டன. குழந்தைகளுட் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டு மாதம் நிறையுமுன்னரே இப்பற்றீரியாவைப் பெற்றிருந்தனர். ஒரே குழந்தை ஒரே வேளையில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளைச் சுமந்ததும் உண்டு.

அம்மாதிரிகளிலிருந்து பெற்ற 3,000க்கும் மேற்பட்ட பற்றீரியாக்களின் முழுப் பரம்பரையலகுத் தொகுதிகளையும் வாசித்த ஆய்வு 2014இல் வெளியாயிற்று. ஒன்றன் டி.என்.ஏ. துண்டு மற்றொன்றிற் பொருந்தியிருந்த தடங்கள் அவற்றில் நிறைந்து கிடந்தன. கிரிபித்து எலியினுட் கண்ட நிகழ்ச்சி குழந்தைகளின் மூக்கில் இடையறாது நடைபெறுகின்றது. இக்கொள்வனவிலும் கொடுப்பனவிலும் முன்னின்றவை வகைப்படுத்த இயலாத, உறையற்ற பற்றீரியாக்கள். அவை கடும் நோயை ஏற்படுத்துதல் அரிது. ஆதலால் வைத்தியசாலைக் குருதிப் பரிசோதனையில் அவை அகப்படுவதும் அரிது. சந்தையின் பெருவணிகர் எவரென்பது நோயாளியின் படுக்கையருகே நிற்பவனுக்குத் தெரியாது என்பதே இதன் பொருள்.

இவ்வாய்வை வாசித்த நாட்களில், வீதியோர முன்பள்ளி ஒன்றின் வாயிலில் ஒரு சிறுமி தன் வாயிலிருந்த இனிப்பைக் கடித்துத் தோழிக்குப் பாதி கொடுத்ததைக் கண்டேன். அன்பின் பங்கீட்டோடு வேறு பங்கீடும் நிகழ்கின்றது என எண்ணினேன். எனினும் அதனைத் தடுக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. சுமத்தல் வேறு, நோயுறல் வேறு. சுமப்போருள் மிகச் சிலரே நோயுறுகின்றனர்.

ஆயினும் இச்சந்தையின் விளைவுகள் சிறியனவல்ல. 1977இல் தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரிற் பெனிசிலினை எதிர்க்கும் நியூமோகொக்கசு நோயாளரிடம் காணப்பட்டது. இத்தகைய எதிர்ப்பைத் தரும் பரம்பரையலகுகள், வாயில் வாழும் உறவுப் பற்றீரியாக்களிடமிருந்து பெற்ற துண்டுகளால் ஒட்டுப்போட்ட துணிபோல் அமைந்திருந்தமை பின்னர் அறியப்பட்டது. தடுப்பூசியின் வரலாறும் இதனையே கூறும். இன்று அறியப்பட்டுள்ள உறைவகைகள் 100க்கு மேல். அவற்றுள் ஏழுக்கெதிரான தடுப்பூசி 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் புகுத்தப்பட்டது. குழந்தைகளின் கடும் நோய் வெகுவாகக் குறைந்தது. ஊசி பெறாத முதியோரும் பயனடைந்தனர். ஆனால் நாசி வெறுமையாகவில்லை. 19ஏ என்னும் வகை அவ்விடத்தைப் பிடித்தது. அதனுள், முன்னர் 4ஆம் வகை உறையை அணிந்திருந்து பின் 19ஏ உறைக்கு மாறிய குலமொன்றும் இருந்தது. 2010இற் பதின்மூன்று வகைகளுக்கான தடுப்பூசி 19ஏயையும் சேர்த்துக்கொண்டு வந்தது.

இதனைக் கொண்டு தடுப்பூசி வீணென்பார் கூற்று பொருந்தாது. அது காத்த உயிர்கள் பல. ஆயின் எந்த வகையைத் தடுப்பது என்னும் முடிவு, நோயாளரை எண்ணுவதோடு நில்லாது நலமுள்ள குழந்தைகளையும் ஊர்தோறும் நோக்கி எடுக்கப்பட வேண்டியதாகும்.

முகாம் என்ற சொல் நமக்குப் புதியதன்று. நெருங்கிய குடிசைகளும் ஒரே பாயிற் பலர் உறங்கும் இரவுகளும் பற்றீரியாவுக்கு வாய்ப்பளித்தன. அவ்வாய்ப்பே விஞ்ஞானிக்கும் செழிப்பான தரவாயிற்று. மாதிரிகள் எடுக்கப்பட்ட அக்காலத்தில் மேலாவின் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி வழங்கப்படவில்லை. உலகுக்கு அறிவைத் தந்த குழந்தைகள் அவ்வறிவின் பயனுக்காகக் காத்திருந்தனர். ஆய்கூடத்திற் பணிபுரிய விழையும் நம் மாணவர், நாசியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு மாதிரியையும் ஒரு கடனாகக் கருதுவாராக. அக்கடன் ஆய்வுக் கட்டுரையோடு தீர்ந்துவிடுவதன்று. தந்த குழந்தையிடம் மருந்தாகத் திரும்பும்போதே தீர்வது.