ஓடுற பிள்ளைக்குக் குடுங்க

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் மீஞ்சூருக்கு அடுத்த நிலையம் அனுப்பம்பட்டு. அதற்கடுத்தது பொன்னேரி. பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் பொன்னேரியில் இறங்கிப் பஸ் பிடிப்பதுதான் வழக்கம். நான் ஒரு நிலையம் முன்னதாகவே இறங்கினேன். ஒரு தாயை அவளுடைய அம்மா வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு, ஏரிக்கரையில் அவள் மகள் படித்த பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் போக வேண்டியிருந்தது.

மகள் இல்லை. எட்டாம் வகுப்புப் படிக்கும்போது, மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாள். காரியம் முடிந்த கையோடு தாய் குப்பத்தை விட்டு அனுப்பம்பட்டுக்கு வந்துவிட்டாள். அந்த ஏரியையும் பள்ளிக்கூடச் சுவரையும் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை என்றாள். கணவருக்கு அப்படி விட்டுவர வழியில்லை. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் எந்தத் தலைக்கட்டு வலை போடலாம் என்பதை ஊரே கூடிப் பங்கு பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு பழவேற்காட்டில் உண்டு. அதைப் 'பாடு' என்பார்கள். துக்க வீடு என்று முறையை விட்டால், அடுத்த முறை வரும்வரை வீட்டுச் செலவுக்குக் கடன்தான். ஆகவே அவர் ஏரிக்கும் அனுப்பம்பட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தார்.

சுனாமிக்குப் பிறகு அந்தப் பக்கக் குப்பங்களுக்கு வேலையாகப் போய்வந்த நாட்களில் எனக்கு அவள் பழக்கம். அவளோடு சேர்ந்து கருவாடு காயவைத்து விற்ற தோழிகள், ஷேர் ஆட்டோ ஒன்றை நாள் வாடகைக்குப் பேசி எடுத்துக்கொண்டு காலையிலேயே நிலைய வாசலுக்கு வந்திருந்தார்கள். வீட்டுக்குப் போனபோது அவள் புடவை கட்டித் தயாராக இருந்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. "நான் வந்து என்னாக்கா ஆவப்போவுது?" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. ஒருத்தி அவள் தலையை வாரிப் பின்னிவிட்டாள். இன்னொருத்தி செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள். கிளம்பிவிட்டோம்.

அழைப்பு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். கூடப் படித்த பிள்ளைகள் இப்போது ஒன்பதாவதில் இருக்கிறார்கள். விழாவில் அவள் பேரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று தலைமை ஆசிரியையிடம் போய்க் கேட்டது அவர்கள்தான். தாயின் தோழிகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு தொகை சேர்த்தார்கள். எட்டாம் வகுப்பில் முதல் மதிப்பெண் எடுக்கும் மாணவிக்கு நினைவுப் பரிசு கொடுக்கலாம் என்றார் தலைமை ஆசிரியை. தாய் ஒப்புக்கொள்ளவில்லை. "அவ படிப்புல சுமார்தான் டீச்சர். இல்லாதத சொல்லிப் பரிசு குடுக்காதீங்க. அவ நல்லா ஓடுவா. ஓடுற பிள்ளைக்குக் குடுங்க" என்று போனில் சொல்லியிருக்கிறாள். இறந்த பிள்ளையை எல்லாக் குணமும் உள்ள பிள்ளையாக்கிப் படத்தில் மாட்டிவிடுவது நம் பழக்கம். அவள் தன் மகள் இருந்தபடியே இருக்க வேண்டும் என்று நினைத்தாள். அது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

பொன்னேரி கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் நிறுத்தினோம். பரிசு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ். மூடியில் பேர் வெட்ட வேண்டும். கடைக்காரர் வெட்டும் மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, "பேரு சொல்லுங்கம்மா, இனிஷியலோட" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சாவுக்குப் பிறகு அவள் எதிரில் அந்தப் பேரை நாங்கள் யாரும் சொன்னதில்லை. சொன்னால் அழுவாள் என்று எங்களுக்குள் ஒரு பயம். அவளே முன்னால் போய், பேரைச் சொன்னாள். "எந்த 'ர'? சின்னதா பெருசா?" என்று அவர் கேட்க, "சின்னது" என்றாள். மிஷின் முனை கிர்ரென்று எவர்சில்வரில் இறங்கி, புள்ளி புள்ளியாக ஓர் எழுத்து, அப்புறம் அடுத்த எழுத்து. அவர் வாயால் ஊதித் துடைத்து, "பாப்பாவுக்கா? என்ன படிக்குது?" என்றார். "எட்டாவது" என்றாள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்வரை மூடியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் அழவில்லை, அழுதது நாங்கள்தான்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுச் சாலை திருப்பாலைவனம் வழியாகப் போகிறது. இருபுறமும் நெல் வயல். கிழக்கே போகப் போக வயல் குறைந்து, மண் வெளுத்து, காற்றில் உப்பு ஏறுகிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது.

இந்த ஏரியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வேறு பெற்றோரும் உண்டு. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். சுற்றிப் பார்க்க வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் இங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. ஊருக்குள் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தை இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள், உள்ளே பேரும் ஆண்டும் வெட்டிய கற்கள். நூற்றாண்டுகள் கழித்தும் அந்தப் பேர்களைப் படிக்க முடிகிறது. எங்கள் பிள்ளைக்கு அப்படி ஒரு கல் கிடையாது.

கும்பகோணம் நினைவுக்கு வந்தது. 2004 ஜூலை 16, காசிராமன் தெருப் பள்ளியில் சத்துணவுக் கூடத்துத் தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் போனார்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே தேதியில் பெற்றோர் பள்ளி வாசலில் பிள்ளைகளின் படங்களை வைத்துப் பூப் போடுகிறார்கள். வீட்டில் கும்பிட்டால் போதாதா என்று கேட்டவர்கள் உண்டு. போதாது. அந்த ஆண்டே டிசம்பரில் சுனாமி. நாகப்பட்டினத்தில் மூன்று பிள்ளைகளையும் இழந்த பரமேஸ்வரன், சூடாமணி தம்பதி, பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தங்கள் வீட்டுக்கே அழைத்துக்கொண்டு 'நம்பிக்கை' என்ற இல்லத்தை நடத்தினார்கள். எல்லோராலும் அவ்வளவு செய்ய முடியாது. ஒரு டிபன் பாக்ஸ் கொடுக்க முடியும்.

விழா பள்ளி மைதானத்தில், துணிப் பந்தலில் நடந்தது. தாயைப் பெற்றோர் வரிசையிலேயே உட்கார வைத்தார்கள். மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டாம் என்று தோழிகள் முன்கூட்டியே சொல்லிவிட்டிருந்தார்கள். நல்ல யோசனை. இரண்டு பக்கமும் அவர்கள் உட்கார்ந்துகொண்டார்கள்.

வகுப்புத் தோழி ஒருத்தி மைக்கைப் பிடித்தாள். எழுதிவைத்திருந்த தாளில் இரண்டு வரி படித்துவிட்டு, தாளை மடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். விளையாட்டுப் போட்டி அன்றைக்கு ஷூ இல்லாமல் வெறுங்காலோடு ஓடி ஜெயித்ததையும், ஜெயித்த சோப்பு டப்பாவை மூன்றாவதாக வந்த பெண்ணுக்கே கொடுத்துவிட்டு வீட்டில் தோற்றுப்போனதாகச் சொன்னதையும் சொன்னாள். பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள். தாய் என் கையைப் பிடித்து, "தோத்துட்டேன்னுதான் எங்கிட்ட சொன்னா, அக்கா. அன்னிக்குத் திட்டவேற செஞ்சேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனாலும் அது சிரிப்புத்தான்.

இதற்காகத்தான் பள்ளிக்கு வர வேண்டியிருக்கிறது என்று அப்போது புரிந்தது. பிள்ளையைப் பற்றி வீட்டுக்குத் தெரிந்த கதைகள் அவள் போன அன்றோடு தீர்ந்துவிட்டன. வீட்டுக்குத் தெரியாதவை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்து ஊர் ஊராகப் பிரிவதற்குள் அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நோகுமே என்று நாம் பேரைச் சொல்லாமல் ஒதுங்கும்போது, அந்தக் கதைகளும் அம்மா கைக்கு வராமலே போகின்றன.

ஓட்டத்தில் முதலாவதாக வந்த ஏழாம் வகுப்புப் பெண்ணுக்குத் தாய்தான் டிபன் பாக்ஸைக் கொடுத்தாள். அந்தக் குழந்தை மூடியில் இருந்த பேரை வாய்விட்டுப் படித்துவிட்டு, "யாரு இவங்க?" என்று கேட்டது. தாய் குனிந்து, சாவகாசமாகப் பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்பது பாட்டுச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

சேர்த்த தொகையை வங்கியில் வைப்புநிதியாகப் போட்டிருக்கிறார்கள். வட்டியில் ஆண்டுக்கொரு டிபன் பாக்ஸ் வாங்கலாம். பேர் வெட்டி வாங்கிவரும் வேலையைத் தாய் தானே வைத்துக்கொண்டாள்.

நம் அரசுப் பள்ளிகளில் ஆண்டு விழா பெரும்பாலும் முழுஆண்டுத் தேர்வுக்கு முன்னால் வருகிறது. உங்கள் ஊர்ப் பள்ளியில் இப்படி ஒரு பிள்ளை படித்திருந்தால், அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் அந்த வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். தனியாகப் போகாமல் தோழிகளை அழைத்துக்கொண்டு போங்கள். வரமாட்டோம் என்றால் வற்புறுத்த வேண்டாம். அடுத்த ஆண்டும் போய்க் கேளுங்கள்.