2151 இல் தொடங்கிப் பார்த்தால்

ஸ்டார் ட்ரெக்கை எந்த ஒழுங்கில் பார்ப்பது என்று கேட்டால் ரசிகர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி வெளிவந்த ஒழுங்கு, 1966 இல் தொடங்குவது. மற்றக் கட்சி, கதைக்குள்ளே ஓடுகிற ஆண்டு வரிசை. நாங்கள் நாலு பேரும் இரண்டாவது கட்சி. ஒரு போர்டிங், ஒரு லப்டொப். வரலாறு படிக்கிற பிள்ளைகள் ஆண்டு வரிசையில் பார்க்காமல் வேறு எப்படிப் பார்க்கிறது என்கிற திமிரும் கொஞ்சம் இருந்தது. பழைய ஐந்து தொடர்கள் மட்டுமே ஏறக்குறைய 700 எபிசோட் வரும் என்பதை நினைத்து மலைக்க எங்களுக்கு நேரம் இருக்கவில்லை, எக்ஸாம் முடிந்த கையோடு தொடங்கிவிட்டோம்.

இந்த ஒழுங்கில் முதலாவது 'என்டர்பிரைஸ்'. கதை 2151 இல் தொடங்குகிறது, எடுத்தது 2001 இல். அடுத்தது 2254 இல் நடக்கிற 'த கேஜ்', அது 1964 இல் எடுத்த முதல் முன்னோட்டப் படம். பிறகு 'டிஸ்கவரி'யின் முதல் இரண்டு சீசன்கள், அது 2017 இல் வரத் தொடங்கியது. பிறகு 2022 இல் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்'. இவ்வளவும் தாண்டித்தான் கேர்க்கும் ஸ்பொக்கும் வருகிற, 1966 இன் அசல் தொடர். அதாவது கதையில் மூத்தது, பெரும்பாலும் எடுத்ததில் இளையது. 'என்டர்பிரைஸ்' இரண்டாம் சீசன் முடிவில், 2003 இல், யாரென்றே தெரியாத ஓர் இனம் பூமியைத் தாக்கி 70 லட்சம் பேரைக் கொல்கிறது. மூன்றாம் சீசன் முழுக்க அவர்களைத் தேடிப் போகிற பயணம். கதையில் அது 2153. பார்க்கிற எவருக்கும் தெரிவது 2001 செப்டெம்பர்.

தொடக்கத்தைப் பிந்தி வந்தவர்கள்தான் எழுதுகிறார்கள். விஜயன் வந்து இறங்கினான் என்று சொல்லப்படுகிற காலத்துக்குச் சுமார் ஆயிரம் வருடம் கழித்துத்தான் மகாவம்சம் எழுதப்பட்டது. எங்களுக்கோ பள்ளிக்கூடத்தில் அது முதல் பாடங்களில் ஒன்று.

சரி, விசயத்துக்கு வருவம். 'என்டர்பிரைஸ்' நாலாம் சீசனில், 2154 இல், எரிக்கா ஹெர்னாண்டஸ் என்றொரு பெண் 'கொலம்பியா' கப்பலுக்குக் கப்டன். 2256 இல் மிஷெல் யோ நடித்த ஜோர்ஜியூ கப்டன். 2259 இல் பைக்கின் கப்பலில் அடுத்த நிலையில் இருப்பவள் ஊனா. இவர்களை எல்லாம் பார்த்துப் பழகி, வரிசைப்படி அசல் தொடருக்குள் போனால் பெண்களுக்குக் குட்டைப் பாவாடை. கப்டன் கதிரையில் ஆண்கள். 1969 ஜூனில் வந்த கடைசி எபிசோட்டில் ஜனிஸ் லெஸ்டர் என்பவள் கேர்க்கிடம், கப்டன்மாரின் உலகத்தில் பெண்களுக்கு இடமில்லை என்று முறையிடுகிறாள். அவன் மறுக்கவும் இல்லை. பிறகு அவள் அவனுடைய உடலைத் திருடுகிறாள். மிச்ச நேரம் முழுக்க எபிசோட் அவளைப் பைத்தியக்காரியாகக் காட்டுகிறது.

கதையில் அது 2269. எங்களில் ஒருத்தி லப்டொப்பை நிப்பாட்டிப்போட்டுக் கேட்டாள்: "எப்பயடி பறிச்சவங்கள்? நாங்கள் ஏதும் எபிசோட்டை விட்டுட்டமோ?"

சிரித்தோம். ஆனால் அது நல்ல கேள்வி. இதை ஒரே வரலாறாக எடுத்தால், 2154 இல் இருந்த கதிரை 2269 இல் இல்லை. நடுவில் சட்டம் வந்ததாகவோ யுத்தம் வந்ததாகவோ ஒருவரும் சொல்வதில்லை, போனதைப் பற்றிக் கவலைப்படுவதுமில்லை. 1969 இல் எழுதியவர்களின் கற்பனை அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போகலாம், அது அரைவாசி உண்மை. மற்ற அரைவாசி 'த கேஜ்'இல் இருக்கிறது. 1964 இல் எடுத்த அந்தப் படத்தில் கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரி ஒரு பெண். மஜேல் பரட் நடித்தார். 1965 இல் இரண்டாவது முன்னோட்டப் படம் எடுத்தபோது அந்தப் பாத்திரம் இல்லை. அதே நடிகை பிறகு தொடரில் தாதியாக வந்தார். ஆக, கதிரை பறிபோனது உண்மைதான், வருடம்தான் வேறு.

இப்படியான பொருந்தாத இடங்களைப் பின்னால் வந்தவர்கள் தைக்கப் பார்க்கிறார்கள். அசல் தொடரில் கிளிங்கன்களுக்கு நெற்றி எங்களைப் போல. 1979 படத்தில் இருந்து மேடும் பள்ளமும். அதற்கு விளக்கமாக 2005 இல் இரண்டு எபிசோட், ஒரு வைரஸ். எங்களுக்கு அது தேவைப்படவே இல்லை, காசு குறைந்த காலத்து மேக்கப் என்று விட்டிருக்கலாம்.

ஆனால் இன்னொரு தையல் எங்களை விடவில்லை. 'டிஸ்கவரி'யின் நாயகி மைக்கேல் பேர்ணம், ஸ்பொக்கோடு ஒரே வீட்டில் வளர்ந்த சகோதரி. அசல் தொடரில் அவள் பெயரே இல்லை, அவளை உருவாக்கியதே 2017 இல்தானே. அதைச் சமாளிக்க, இரண்டாம் சீசன் முடிவில் அவள் கப்பலோடு எதிர்காலத்துக்குப் போய்விட, மற்றவர்களுக்கு ஓர் உத்தரவு: அந்தக் கப்பலைப் பற்றியோ அதில் இருந்தவர்களைப் பற்றியோ இனிக் கதைக்கக்கூடாது, கதைத்தால் தேசத்துரோகம்.

எழுதியவர்களுக்கு அது ஓட்டை அடைக்கிற வேலை. ஆனால் அந்த உத்தரவைக் கேட்டுவிட்டு, வரிசைப்படி 1967 இல் வந்த 'ஜேர்ணி டு பேபல்' எபிசோட்டுக்கு வந்தோம். ஸ்பொக்கின் தாயும் தகப்பனும் கப்பலுக்கு வருகிறார்கள். தகப்பனுக்கும் மகனுக்கும் பல வருடக் கோபம். தாய் நடுவில் நிற்கிறாள். ஒருவரும் மகளின் பெயரைச் சொல்வதில்லை. 1967 இல் அது வெறும் தகப்பன் மகன் கதை. எங்களுக்கு அது, ஒரு பிள்ளையைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்று ஆகிவிட்ட வீடு. அப்படியான வீடுகள் எங்களுக்குத் தெரியும். அந்த எபிசோட் முடிந்து கன நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை.

வெளிவந்த ஒழுங்கில் பார்ப்பவர்களுக்கு இது கிடைக்காது. கப்டன் பைக்கும் அப்படித்தான். 1966 இல் 'த மெனாஜரி'யில் அவர் கருகிய முகத்தோடு நாற்காலியில் இருக்கிறார், ஒரு விளக்கு 'ஓம்' என்றால் ஒருதரம், 'இல்லை' என்றால் இரண்டுதரம் மின்னும். கிடப்பில் கிடந்த பழைய படத்துத் துண்டுகளைப் பயன்படுத்துவதற்காகச் சுற்றிக் கட்டிய கதை அது. ஆண்டு வரிசையில், அந்த நாற்காலியை முன்கூட்டியே கண்ட மனிதனோடு நீங்கள் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' முழுக்க இருந்துவிட்டு வருகிறீர்கள். அவர் காப்பாற்றப்போகிற பயிற்சி மாணவர்களின் பெயர்களைப் பாடமாக்கி வைத்திருக்கிறார். விளக்கு மின்னும்போது எங்களால் திரையைப் பார்க்க முடியவில்லை.

ஒழுங்கு எங்களைக் கைவிட்ட இடமும் உண்டு. 'என்டர்பிரைஸ்' கடைசி எபிசோட், 2370 இல் ரைக்கர் என்பவர் பார்க்கிற ஒரு காட்சிப் பதிவாக வருகிறது. இருநூறு வருடம் கழித்து வரவேண்டிய ஆள். "இவ்வளவு நாளும் பார்த்தது ஆரோ ஒரு தாடிக்காரன்ர கதையோ?" என்று ஒருத்தி கத்தினாள். கோபம் நியாயம்.

இப்போது 'டீப் ஸ்பேஸ் நைன்' மூன்றாம் சீசனில் நிற்கிறோம், 2371. அடுத்தது 'பாஸ்ட் டென்ஸ்', இரண்டு பாகம், 1995 ஜனவரியில் வந்தது. அதில் கப்டனாகப்போகிற சிஸ்கோவும் ஆட்களும் தவறுதலாக சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய் விழுகிறார்கள். வேலையில்லாதவர்களையும் வீடில்லாதவர்களையும் மதில் கட்டி அடைத்து வைத்திருக்கிற இடம், அங்கே ஒரு கலவரம். கதையில் அது நடப்பது 2024 செப்டெம்பர். அதே மாதம் 21 ஆம் திகதி, நாங்கள் நாலு பேரும் முதன்முதலாக ஜனாதிபதித் தேர்தலில் வாக்குப் போட்டோம்.

அந்த இரண்டு எபிசோட்டையும் 'என்டர்பிரைஸ்'க்கும் முன்னால் பார்த்திருக்க வேணும் என்கிறாள் ஒருத்தி. இல்லை, சிஸ்கோ யாரென்று தெரிந்தபிறகுதான் என்கிறாள் மற்றவள். இரண்டு நாளாகச் சண்டை போகுது, இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.