பாபியின் ஊரில் ஒரு நாய்க்குட்டி ஆசை

"பாட்டி, நாம ஒரு நாய்க்குட்டி வாங்கலாமா? இப்பத்தான் நீ வந்துட்டியே, அது வீட்ல தனியா இருக்காது!"

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், மகள் வீட்டில் பெட்டியை இறக்கி வைத்த மறுநாளே பேத்தி ஆரம்பித்துவிட்டாள். மகளும் மாப்பிள்ளையும் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் திரும்ப மாலை ஆறாகும். நான் தங்கப்போவதோ மூன்றே மாதம். "பார்க்கலாம்டா கண்ணு" என்று சொல்லி வைத்தேன்.

அவள் கேட்டது ஸ்கை டெரியர் குட்டி. பள்ளிக்கூடத்தில் பாபியின் கதையைக் கேட்டதிலிருந்து இதே ஜபம்! யார் அந்தப் பாபி என்று காட்ட, ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துப் போனார்கள்.

கேண்டில்மேக்கர் ரோ தெருமுனையில், கல் தூணின் மேல் உட்கார்ந்திருக்கிறது வெண்கலப் பாபி. 1873-ல் பர்டெட் கூட்ஸ் சீமாட்டி தம் செலவில் வைத்த சிலை. அந்தக் காலத்தில் இது குடிநீர்க் குழாயாகவும் இருந்ததாம். மேல் தொட்டி மனிதர்களுக்கு, கீழ்த் தொட்டி நாய்களுக்கு! மூக்கைத் தடவினால் அதிர்ஷ்டம் என்று யாரோ கிளப்பிவிட, வருகிறவர்கள் தடவித் தடவி மூக்கு மட்டும் பளபளக்கிறது. சிலை தேய்கிறதே என்று ஊர்க்காரர்களுக்கு வருத்தம். நாங்கள் தடவவில்லை.

பக்கத்திலேயே கிரேஃபிரையர்ஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டம். போலீசில் இரவுக் காவலராக இருந்த ஜான் கிரே 1858-ல் இறந்து இங்கே அடக்கமானார். அவருடைய நாய் பாபி, 1872-ல் தான் சாகிறவரை அந்தக் கல்லறையை விட்டு அகலவில்லை என்பது கதை. 1867-ல் நகரத் தலைவர் வில்லியம் சேம்பர்ஸ், பாபிக்கு லைசென்ஸ் பணம் கட்டிக் கழுத்துப் பட்டையும் கொடுத்தார். அந்தப் பட்டை இன்றும் எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாபி வேறு ஜாதி என்றும், ஒன்றல்ல, இரண்டு நாய்கள் என்றும் சொல்கிறவர்கள் உண்டு. இருந்தாலும், பாபியின் நினைவுக் கல்லுக்கு முன்னால் குச்சிகள் குவிந்து கிடந்ததைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. பாபி விளையாடட்டும் என்று பார்க்க வருகிறவர்கள் வைத்துவிட்டுப் போகிறார்களாம்!

அடுத்த வாரம், ஊருக்கு வெளியே ஸ்கை டெரியர் வளர்க்கும் ஒரு முதிய மாதின் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்ததும் ஒரு குரைப்பு! உயரம் பத்து அங்குலம்தான். மூக்கிலிருந்து வால் நுனி வரை நாற்பது அங்குலம் இருக்கும். கண்ணை மறைக்கும் நீள முடி தரையைப் பெருக்கிக்கொண்டு வந்தது. ஸ்கை தீவின் பாறை இடுக்குகளில் நரியையும் நீர்நாயையும் துரத்திய வம்சமாம். புதியவர்களிடம் சட்டென்று ஒட்டாது. பேத்தி கூப்பிட்டாள், மாப்பிள்ளை பிஸ்கட் நீட்டினார். ஊஹூம்! பயத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்த என் காலடியில்தான், அரைமணி கழித்து வந்து படுத்துக்கொண்டது.

அந்த அம்மாள் வளர்ப்பு முறைகளைச் சொன்னார். வாரம் ஒன்றிரண்டு முறை முடியைச் சிக்கெடுத்து வாரவேண்டும். குட்டைக் கால், நீண்ட முதுகு. ஆகவே எட்டு, பத்து மாதம் ஆகிறவரை குட்டியை மாடிப்படியில் ஏறி இறங்கவோ உயரத்திலிருந்து குதிக்கவோ விடக்கூடாது. வளரும் முன்னங்கால் எலும்பு கெட்டு, நொண்ட ஆரம்பித்துவிடும். அதட்டினால் பிடிவாதம் பண்ணும். பொறுமையாகச் சொன்னால் கேட்கும்.

பிரிட்டனில் வருஷத்துக்கு 300 குட்டிகூடப் பதிவாகாத, அருகிவரும் ஜாதிகளில் இதுவும் ஒன்று. நல்ல வீடு கிடைத்தால் அவருக்கும் சந்தோஷம்தானே? ஆனாலும் ஒரு கேள்வி கேட்டார்: "பகல்ல குட்டியோட யார் இருப்பாங்க?"

"எங்க பாட்டி!" என்றாள் பேத்தி பெருமையாக.

"பாட்டி எவ்வளவு நாள் இருப்பாங்க?"

ஒருவரும் பேசவில்லை. அந்த அம்மாள் என் காலடியைக் காட்டினார். "இந்த ஜாதி வீட்டில் எல்லோரிடமும் பிரியமாக இருக்கும். ஆனால் மனசுக்குள்ளே ஒருத்தரைத்தான் எஜமானராக வரித்துக்கொள்ளும்" என்றார்.

எனக்குக் கல்லறைத் தோட்டம் ஞாபகம் வந்தது. மூன்று மாதம் என் மடியில் வளர்ந்த குட்டி, நான் விமானம் ஏறிய பிறகு வாசற்கதவையே பார்த்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருக்கும்? "இப்ப வேண்டாம்மா" என்று மகளிடம் சொன்னேன். பேத்தி வழியெல்லாம் அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. மகள் அரைநாள் வேலைக்கு மாறும்போது மறுபடி வரலாம் என்று பேசி முடித்தோம்.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல்நாள், பேத்தி தானாகவே ஒரு குச்சியைப் பொறுக்கி வந்து பாபியின் கல்லருகே வைத்தாள்.

சகோதரிகளே, நாய் வாங்க ஆசையா? எந்த ஜாதி, என்ன விலை என்பதெல்லாம் அப்புறம். பகலில் அதனுடன் யார் இருப்பார்கள், எத்தனை வருஷம் இருப்பார்கள்? முதலில் வீட்டில் இதைப் பேசி முடிவு செய்யுங்கள்!