பிள்ளையின் தொழில்

"கை காலு எல்லாம் நல்லாத்தானே மிஸ் இருக்கு இவனுக்கு? இந்த வயசுல என்னா தொழிலு படிச்சுக் குடுக்கப் போறீங்க?"

நாலந்தாவில் ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் ஒரு மிளகுத் தோட்டம் வரும். அங்கே வேலை செய்யும் அம்மாயி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. பேரனின் கிளினிக் கொப்பியில் 'தொழில்வழிச் சிகிச்சை' என்று எழுதியிருந்ததை யாரோ அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். பேரனுக்கு ஐந்து வயது. அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை, அப்பா கொழும்பில் கடை வேலை.

எங்கள் துறைக்கு வாய்த்த பெயர் அப்படி. பிள்ளைக்கு என்ன தொழில்? விளையாடுவது, சாப்பிடுவது, உடுப்புப் போடுவது, தூங்குவது, முன்பள்ளியில் இன்னொரு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. இவற்றில் எது தடைப்பட்டாலும் அங்கே எங்களுக்கு வேலை உண்டு. 1917இல் அமெரிக்காவின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் கூடி இத்துறைக்குச் சங்கம் அமைத்தவர்களில் எலினோர் கிளார்க் ஸ்லேகிள் ஒருவர். மனநோயால் குலைந்துபோன ஒருவரின் நாளை, விழிப்பது முதல் உறங்குவது வரை, பழக்கம் பழக்கமாக மறுபடி கட்டி எழுப்புவது அவருடைய வழி. நூறு வருடம் கழிந்தும் நான் செய்வது அதைத்தான்.

பையனுக்கு ஆட்டிசம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பேச்சு நான்கைந்து சொல்லுக்கு மேல் இல்லை. நுனிக்காலில் நடப்பான். யாராவது மெல்லத் தொட்டால் அலறுவான். சட்டையின் கழுத்துப் பட்டி உறுத்தினால் கழற்றி எறிவான். இரவு ஒன்று, இரண்டு மணிவரை விழித்திருப்பான், அம்மாயியும் கூடவே விழித்திருப்பார். டொக்டர் முதலில் கையில் எடுத்தது அந்தத் தூக்கத்தைத்தான். படுக்கும் நேரத்தை ஒழுங்காக்கி, சிறிது காலம் மருந்தும் கொடுத்தார். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்தே கூடாது என்று பெற்றோருக்குச் சொல்லும் சிகிச்சையாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தூங்காத பிள்ளைக்கு நான் எதைக் கற்றுக்கொடுத்தாலும் ஒட்டாது. தூங்காத அம்மாயியிடம் பொறுமையைக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

கிளினிக் அறையில் அவனைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. மேசைக்கடியில் ஒளிந்துகொண்டான். நாலந்தாவிலிருந்து மாத்தளை ஏறத்தாழ 25 கி.மீ., கண்டி அதைப்போல இரண்டு மடங்கு. பஸ் ஹோர்னையும் நெரிசலையும் தாங்கி வந்து சேர்ந்த பிள்ளையிடம் நான் பார்த்தது களைப்பு மட்டும்தான். அதனால்தான் வீட்டுக்குப் போனேன்.

அன்று பின்னேரம் அம்மாயி அவனைக் கெடிகேக்குக் கூட்டிப் போனார். நானும் கூடவே போனேன். பல்லவர் பாணியில் எழுந்த பழைய கற்கோயில் அது, பௌத்த விகாரை. 1970களில் மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது, முழுகிப் போகாமல் கல் கல்லாகப் பிரித்தெடுத்து மேட்டில் திரும்பவும் நிறுத்தினார்கள். பையன் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சுவரண்டை போனான். இரண்டு உள்ளங்கையையும் கல்லில் ஊன்றி, முழங்கை நடுங்கும் அளவுக்குத் தள்ளினான். பிறகு கன்னத்தை அதில் அழுத்தி நின்றான். குதிகால் தரையில் பதிந்திருந்தது! நுனிக்காலில் நடக்கும் பிள்ளை, கிளினிக்கில் என் விரல் நுனி பட்டதும் அலறிய பிள்ளை, சொரசொரத்த கல்லை அப்படிக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

எனக்கு வேண்டிய விடை அதில் இருந்தது. மெல்லிய தொடுகை அவனுக்கு ஊசி மாதிரி. அழுத்தமான தொடுகை அவனுக்கு ஆறுதல். தசையிலிருந்தும் மூட்டிலிருந்தும் மூளைக்குப் போகும் அந்தக் கனமான செய்தி பல பிள்ளைகளை அமைதிப்படுத்தும். 1972இல் இதைப் பற்றி நூல் எழுதிய ஜீன் அயர்ஸ் எங்கள் துறைக்காரர்தான். அவருடைய கோட்பாட்டில் எல்லாமே நிரூபிக்கப்பட்டுவிட்டதாக நான் சொல்லமாட்டேன். பிள்ளையின் எந்தக் கஷ்டத்தையும் புலனுணர்வுக் கோளாறு என்று சொல்லி, விலை கூடிய ஊஞ்சலும் பந்தும் வாங்க வைப்பது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். கடன் வாங்கி அப்படி வாங்கிய தாய்மாரைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வீட்டில் எதுவும் வாங்கத் தேவைப்படவில்லை. கனமான வேலை வீடு நிறைய இருந்தது. குழாயடியிலிருந்து பாதி நிரம்பிய தண்ணீர்க் கேனைத் தூக்கி வருவது, ரொட்டிக்கு மாவை இரண்டு கையாலும் அழுத்திப் பிசைவது. மிளகுக் காலமாதலால் வாசலில் பச்சைச் சரம் குவிந்து கிடந்தது. சரத்தை ஒரு கையில் பிடித்து, மற்றக் கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் கொண்டு மணி மணியாகக் கிள்ள வேண்டும். பென்சில் பிடிக்கவும் பொத்தான் போடவும் வேண்டிய பிடி அதுவேதான். கிள்ளிய மணியை டின்னில் போட்டால் 'டிங்' என்று சத்தம் கேட்கும். மணிக்கொரு டிங். அவனுக்கு அது பிடித்துப் போனது.

அங்கேதான் நான் பிழை விட்டேன். கை கழுவ வைக்க மறந்துவிட்டேன். அவன் கண்ணைக் கசக்கினான். தண்ணீர் ஊற்ற ஊற்ற அவன் கத்திய சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு மாதம் சரத்தின் பக்கமே வரவில்லை, என்னைக் கண்டால் உள்ளே ஓடினான். டின்னை மறுபடி அவன் முன்னால் கொண்டுவந்தவர் அம்மாயிதான். உலர்ந்த பயறைப் போட்டு, தானே கிள்ளுவது போலப் பாவனை செய்து, அவனைக் கூப்பிடாமல், ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லிக் கொடுத்ததல்ல அது.

வீட்டாரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வது புதிதல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1950களிலேயே மனநோயாளியோடு குடும்பத்தாரையும் தங்க வைத்தார்கள். அங்குள்ள பிள்ளைகளுக்கான 'நம்பிக்கை நிலைய'த்தில் தாய் தகப்பனும் பிள்ளையோடு தங்கிப் பயிற்சி பெறுவார்கள். மாதத்தில் ஒரு மணித்தியாலம் பார்க்கும் எனக்குப் பிள்ளையின் ஒரு மணித்தியாலம்தான் தெரியும். மிச்சமெல்லாம் வீட்டாருக்குத்தான் தெரியும்.

அடுத்தது சட்டை. முன்பள்ளிச் சட்டைக்கு ஐந்து பொத்தான். நாங்கள் கடைசியிலிருந்து தொடங்குவோம். நான்கையும் அம்மாயி போட்டுவிடுவார். ஐந்தாவதையும் துளைக்குள் பாதி நுழைத்துவிடுவார். மீதியை இழுப்பது மட்டும் அவன் வேலை. இழுத்தால் சட்டை போட்டு முடிந்தது, முடித்தவன் அவன். அது பழகியதும் ஐந்தாவது முழுவதும் அவனுடையது, பிறகு நான்காவது. முதலிலிருந்து தொடங்கினால் பிள்ளை தோல்வியில் நிறுத்துவான், அதனால்தான் இந்தத் தலைகீழ் வரிசை.

கஷ்டமெல்லாம் காத்திருப்பதில் இருந்தது. "கையை எடுங்க அம்மா, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க," என்பேன். மூன்று எண்ணுவதற்குள் அவருடைய விரல் தானாகப் பொத்தானுக்குப் போகும். நாற்பது வருடமாகக் கொழுந்தும் மிளகும் பறித்த விரல் சும்மா இருக்குமா? கடைசியில் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார்.

போன தடவை நான் போனபோது வாசலில் படங்கு விரித்து மிளகு காயப் போட்டிருந்தார்கள், பாதி கறுத்திருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே தம்புள்ளைப் பக்கம் இருட்டிக்கொண்டு தூறல் விழுந்தது. அம்மாயி எழுந்து படங்கின் ஒரு மூலையைப் பிடித்தார். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் பையன் ஓடி எதிர் மூலையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான், மிளகு உருண்டு நடுவில் சேர்ந்தது. "சாக்கு," என்றான் அம்மாயியைப் பார்த்து. நான் சாக்கை எடுக்க உள்ளே போனேன்.