ம்ம்ம்ம்ம்... ரெக்கார்ட் பிளேயர் ஹம் புராணம்

பழைய எல்.பி. ரெக்கார்டுகளைத் தேடிப் பிடித்து, ஒரு டர்ன்டேபிளையும் வாங்கி வைத்த பலரும் ஒரு நாள் இந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். முள் இன்னும் தட்டில் இறங்கியிருக்காது. ஆனால் ஸ்பீக்கரில் இருந்து "ம்ம்ம்ம்..." என்று யாரோ உட்கார்ந்து கதைக்கு உம் கொட்டுவது போல ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். வால்யூமைக் கூட்டினால் உம் கொட்டுபவரும் உற்சாகமாகி விடுவார்.

சிடி பிளேயருக்கு ஏன் இந்த வியாதி அவ்வளவாக வருவதில்லை? கணக்கு ரொம்ப சிம்பிள். சிடி பிளேயர் வெளியே தள்ளுவது சுமார் 2 வோல்ட். மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவதோ 5 மில்லிவோல்ட் அளவுதான், அதாவது நானூறில் ஒரு பங்கு. அதை போனோ பிரீஆம்ப் சுமார் 100 மடங்கு பெருக்க வேண்டும். இதில் இன்னொரு வம்பு இருக்கிறது. ரெக்கார்டில் பேஸ் ஒலிகளைக் குறைத்துப் பதிந்திருப்பார்கள். இல்லாவிட்டால் பள்ளங்கள் அகலமாகி, ஒரு பக்கத்தில் அவ்வளவு நேரம் அடங்காது. கேட்கும்போது அதைத் திரும்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். 1954-ல் வந்த ஆர்ஐஏஏ கணக்குப்படி, 50 ஹெர்ட்ஸ் பக்கம் இந்தக் கூட்டல் மட்டுமே ஏழு மடங்கு. ஆக மொத்தம் 700 மடங்கு! நம் வீட்டுக் கரண்ட் ஓடுவதும் அதே 50 ஹெர்ட்ஸில்தான். திருடன் வரும் வழியில் வாசலைத் திறந்து வைத்து, கோலமும் போட்டு வைத்த கதை.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஸ்ரீரங்கத்தில் ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர். வீடு மாறிய கையோடு அவருடைய செட்டில் ஹம் ஆரம்பித்தது. வந்து பார்த்த எலக்ட்ரீசியன் இரண்டு நிமிடத்தில் வைத்தியம் சொன்னார். "எர்த் பின்னைக் கழட்டிட்டா போயிடும் சார்." கழட்டினார். சத்தம் பாதியாகக் குறைந்தது. சாருக்கும் திருப்தி.

லீவுக்கு வந்த பேரன் எலக்ட்ரிகல் படிக்கிறவன். ஆம்ப்ளிஃபயர் பிளக்கில் மூன்றாவது பின் இல்லாததைப் பார்த்ததும் அவனுக்கு ஹம் மறந்து போய்விட்டது. கேபிள் டிவி ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் மெட்டல் உடம்பில் டெஸ்டரை வைத்தான். லேசாக எரிந்தது.

"தாத்தா, இதை வெறுங்காலோட தொடுவீங்களா?"

"தினம் தொடறேனே. சில நாள் சுரீர்னு இருக்கும். குளிர்காலம்னு நெனச்சேன்."

(ஸ்ரீரங்கத்தில் என்ன குளிர்காலமோ!)

டெஸ்டர் எரிந்தது சின்னக் கசிவாலும் இருக்கலாம், அது ஆளைக் கொல்லாது. ஆனால் நாளைக்கு உள்ளே டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் போனால், அந்த மெட்டல் பெட்டியில் 230 வோல்ட் நிற்கும். எர்த் இருந்தால் அப்போது ஃப்யூஸ் போகும். எர்த் இல்லாவிட்டால் முதலில் தொடுகிற ஆள்தான் ஃப்யூஸ். அந்தப் பின் மற்ற இரண்டையும் விட நீளமாக இருப்பதே, செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும் என்பதற்காகத்தான். ஒரு சத்தத்தை நிறுத்த அதைக் கழட்டச் சொல்வது வைத்தியமே இல்லை.

பேரன் புது பிளக் மாட்டினான். ஹம் பழையபடி முழுசாகத் திரும்பி வந்தது. தாத்தா முகம் வாடியது. ஆனால் தேடலே அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

முதலில் செலக்டரை போனோவில் இருந்து வேறு இன்புட்டுக்கு மாற்றினான். சத்தம் வெகுவாகக் குறைந்தது, ஆனால் அடியில் கொஞ்சம் மிச்சம். அப்படியென்றால் இரண்டு திருடர்கள். கேபிள் ஒயரை மறுபடி பிடுங்கினான், அந்த மிச்சம் போய்விட்டது. காரணம் இதுதான்: செட்டாப் பாக்ஸின் ஆடியோ ஒயர் ஆம்ப்ளிஃபயரில் செருகியிருந்தது. கேபிள் ஒயரின் மேல்வலை தெருவில் எங்கோ பூமியைத் தொடுகிறது, ஆம்ப்ளிஃபயர் வீட்டு எர்த்தைத் தொடுகிறது. இரண்டு பூமிக்கும் நடுவே இருக்கும் சின்ன வோல்டேஜ் வித்தியாசம், ஆடியோ ஒயரின் வழியாகவே ஓடிக் கணக்குத் தீர்த்துக்கொள்கிறது. கிரவுண்ட் லூப் என்பது இதைத்தான். எலக்ட்ரீசியன் பின்னைக் கழட்டியதும் வளையம் அறுந்தது, அதனால்தான் சத்தம் பாதியானது. ஆனால் அதற்கப்புறம் அந்த ஆம்ப்ளிஃபயருக்கு இருந்த ஒரே எர்த், கேபிள்காரரின் ஒயர்! ஆடியோ ஒயரின் நடுவில் ஒரு சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டதும் அந்தத் திருடன் ஒழிந்தான்.

அடுத்தது போனோ. டர்ன்டேபிளில் இருந்து சிவப்பு, வெள்ளை ஒயர்களோடு மெல்லிசாக இன்னொரு ஒயர் வரும், நுனியில் கவட்டை போல ஒரு தகடு. வீடு மாற்றும்போது அதை யாரும் மாட்டவில்லை. ரேக்குக்குப் பின்னால் கறுத்துப் போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்ட் திருகில் முடுக்கியதும் அறையே திடீரென்று அமைதியானது. டோன்ஆர்மின் மெட்டல் எதோடும் சேராமல் ஆன்டெனா மாதிரி நின்றிருந்தது, அவ்வளவுதான். எதையும் கழட்டுவதற்கு முன் இந்த ஒயரைப் பார்ப்பது உத்தமம்.

இன்னும் மெல்லிசாக ஒரு 'ம்ம்' பாக்கி. மோட்டார் ஓடாமல் இருக்க, டோன்ஆர்மைக் கையால் மெதுவாக உள்பக்கம் நகர்த்தினால் கூடியது, வெளியே கொண்டுவந்தால் குறைந்தது. ஒயரில் கோளாறு இருந்தால் இப்படி இடத்துக்கு இடம் மாறாது. கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது கம்பிச் சுருள், பக்கத்தில் எந்தக் காந்தப்புலம் ஆடினாலும் அது பிடித்துக்கொள்ளும். குற்றவாளி கீழ்த்தட்டில் உட்கார்ந்திருந்த ஸ்டெபிலைசர். அதை அறையின் இன்னொரு மூலைக்கு நகர்த்தியதும் தீர்ந்தது. இந்த வகை ஹம்முக்கு எர்த் எவ்வளவு போட்டாலும் பிரயோஜனமில்லை, தூரம் ஒன்றுதான் மருந்து. ஆம்ப்ளிஃபயர் மேலேயே டர்ன்டேபிளை வைக்கிற அழகுப் பிரியர்களுக்கும் இதே கதிதான்.

எல்லா நேரமும் இடத்தை மாற்றித் தப்பிக்க முடியாது. ரேகா டர்ன்டேபிளில் கிராடோ கார்ட்ரிட்ஜ் போட்டவர்கள் இது பற்றிப் புலம்புவது பிரசித்தம். கிராடோவில் காந்தக் கவசம் இல்லாததால், ஆர்ம் உள்ளே வர வர மோட்டாரின் சத்தத்தைப் பிடிக்கும். அங்கே கார்ட்ரிட்ஜை மாற்றுவதுதான் வழி. ரேகாவில் தனி கிரவுண்ட் ஒயரைத் தேடி அலைய வேண்டாம் என்பது கொசுறுத் தகவல். பல மாடல்களில் அது ஆடியோ ஒயரோடேயே போகிறது.

'ம்ம்' என்றில்லாமல் 'ர்ர்ர்' என்று கரகரப்பாக வந்தால் அது வேறு ஜாதி. மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரை அணைத்துப் பார்க்கலாம்.

தாத்தா வால்யூமை முழுசாகத் திருப்பி, ஸ்பீக்கரில் காதை வைத்து, "இன்னும் இருக்குடா" என்றாராம். அந்த அளவில் எந்த செட்டிலும் கொஞ்சம் இருக்கும் என்று சொல்லி, வால்யூமை வழக்கமான இடத்துக்குக் கொண்டுவந்து, முள்ளை இறக்கிவிட்டு, கழட்டிப் போட்ட இரண்டு பின் பிளக்கைக் குப்பையில் போட்டான் பேரன்.