குருதி கூறும் குறி

நோயாளியின் கையைப் பற்றி, நாடியின் நடையறிந்து, நோயின் போக்கை முன்கூட்டியே உரைக்க வல்ல பரியாரிமார் எம் ஊர்களிலே வாழ்ந்தனர். கொரோனாத் தொற்றுக் காலத்திலே அப்பணியைக் குருதிப் பரிசோதனையிடம் உலகம் எதிர்பார்த்தது. ஒரு சிறு குப்பிக் குருதி, அடுத்த கிழமை நிகழப்போவதைக் கூறுமோ?

2021ஆம் ஆண்டிலே, எழுபதைக் கடந்த எம் பெரியதாயார் அந்நோயால் வைத்தியசாலையிற் கிடந்தபோது இவ்வினா எம் வீட்டு வினாவாயிற்று. பரிசோதனைத் தாளிலே சீ.ஆர்.பி. என்னும் புரதம் நூறைத் தாண்டியிருந்தது. “தம்பி, என்ன போட்டிருக்கு?” என அன்னையார் வினவினார். தமிழாசிரியராகிய யாம் அவ்வெண்ணின் பொருளைத் தேடிப் படிக்கலானோம்.

சீ.ஆர்.பி. என்பது உடலில் அழற்சி மிகும்போது ஈரல் சுரக்கும் புரதம். 1930இல் நியூயோர்க் றொக்பெல்லர் நிறுவனத்தார் நியூமோனியா நோயாளரின் குருதியிலே கண்டறிந்தது. டீ-டைமர் என்பதோ உறைந்த குருதி கரையும்போது எஞ்சும் துணுக்கு. 2020இல் சீனத்து வூகான் நகரின் இரு வைத்தியசாலைகளில் 191 நோயாளரை ஆராய்ந்தோர், சேர்க்கப்பட்ட பொழுதே டீ-டைமர் ஒரு மில்லிலீற்றருக்கு 1 மைக்கிரோகிராமை மிஞ்சியவரிடையே இறப்பு மிக்கிருத்தலைக் கண்டனர். அதே நகரில் 485 நோயாளரை ஆராய்ந்த பிறர், மூன்றே குருதி அளவுகளால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திருத்தமாக முடிவைக் கணிக்கலாம் என்றனர். ஆயின் நெதர்லாந்து, பிரான்சு, நியூயோர்க் வைத்தியர்கள் தம் நோயாளரிடத்து அதனைச் சோதித்தபோது அத்திருத்தம் நிலைக்கவில்லை. வூகான் கணிப்பு நோயாளரிடம் இறுதியாகப் பெற்ற குருதியைக் கொண்டு அமைந்தது. முதல்நாட் குருதி அத்துணைத் தெளிவாகப் பேசாது.

பிரித்தானியர் முப்பத்தையாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரின் விபரங்களைக் கொண்டு 2020இல் ஒரு புள்ளித்திட்டம் வகுத்தனர். எட்டு அம்சங்கள், உச்சப் புள்ளி 21. அவற்றுள் குருதிக்குரியன யூரியாவும் சீ.ஆர்.பி.யும் ஆகிய இரண்டே. இரண்டும் சேர்ந்து 5 புள்ளிக்கு மேற் பெறா. எண்பது வயதோ தனித்தே 7 புள்ளி பெறும். மூச்சின் வேகம், ஒட்சிசன் அளவு, அறிவுத் தெளிவு என்பனவும் கணிக்கப்படும். குருதி ஒரு சாட்சி, ஒரே சாட்சியன்று.

எனின் அவ்வெண்ணாற் பயன் யாது? 2021இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்று விடை தந்தது. ஒட்சிசன் குறைந்து, சீ.ஆர்.பி. 75ஐ எட்டியவர்க்கு டொசிலிசுமாப் என்னும் மருந்தளிக்க, நூற்றுக்கு 35 ஆயிருந்த இறப்பு 31 ஆயிற்று. எண் ஈண்டுச் சிகிச்சைக்கு வழிகாட்டியது.

பெரியதாயாரைப் பார்வையிட்ட இளவைத்தியர் எம் பழைய மாணவர். “சேர், இந்த எண் முடிவைச் சொல்லவில்லை, ஆரை அடிக்கடி பார்க்கவேணும் என்றுதான் சொல்கிறது” என்றார். அவ்வாறே இரவும் பகலும் பார்த்தனர். பத்தொன்பதாம் நாள் பெரியதாயார் வீடு திரும்பினார்.

அம்மொழி எம் தொழிலுக்கும் பொருந்துவதே. முதற்றவணைப் புள்ளி குறைந்த சிறுவன் யாதாவான் என்று எவ்வாசிரியராலும் அறுதியிட முடியாது. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் பலர் அதற்குச் சான்றாவர். அவனைப் பின்வாங்கிலிருந்து முன்வாங்குக்கு அழைத்தற்கே புள்ளியேடு வேண்டும்.